இல்லை என்று சொல்லும் பண்ணை

2012-இல் தமிழ்நாட்டை வாட்டியெடுத்த மின்வெட்டை யார் மறந்தாலும் கோயம்புத்தூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே கணபதிப் பகுதியில் என் வீட்டுக்காரர் இரண்டு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். பாதி நாள் கரண்டு இருக்காது. கரண்டு வருகிற நேரம் வேலைக்கு ஆள் இருக்காது. அந்தப் பட்டறை வாசலில் ஒரு மரப் பெஞ்சைப் போட்டு, நாமக்கல் வெள்ளை முட்டையை வாங்கி அடுக்கி வியாபாரத்தை ஆரம்பித்தேன். முட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முட்டைக்குத் தராசு வேண்டாம், மோட்டார் வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம்.

வெள்ளை முட்டை விற்க யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. மொத்தக் கடைக்குப் போனால் அட்டைக்கு 30 முட்டை, பெட்டிக்கு 210 முட்டை என்று எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். விலையைப் பேசவும் வேண்டாம். 1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது எல்லோரும் சொல்கிற என்.இ.சி.சி., நாமக்கல் மண்டலத்துக்கு ஒரு விலை சொல்லும். மறுநாள் அது பேப்பரில் வந்துவிடும். வியாபாரிகள் அதிலிருந்து ‘மைனஸ்’ என்று கொஞ்சம் பைசாவைக் கழித்துத்தான் பண்ணையில் எடுப்பார்கள் என்பது பண்ணைக்காரர்களின் நிரந்தரப் புலம்பல். எங்கள் மாதிரிச் சில்லறைக் கடைக்கு வரும்போது கழித்ததும் சேர்ந்து, வண்டி வாடகையும் சேர்ந்துவிடும். முட்டை 4 ரூபாய்க்கு விற்ற காலத்தில் ஒன்றுக்கு 20 பைசா கையில் நிற்கும். ஒரு முட்டை உடைந்தால் இருபது முட்டையின் லாபம் போச்சு. இந்தக் கணக்கு மனசில் ஏறிவிட்டால் அட்டையைத் தூக்குகிற கை தன்னால் நிதானத்துக்கு வந்துவிடும்.

வாடிக்கையாளர்கள்தான் என்னை ஊர் ஊராக அலைய விட்டார்கள். “நாட்டுக்கோழி முட்டை இல்லீங்களா?” என்று கேட்காத ஆள் இல்லை. குழந்தைக்கு முதல் முட்டை ஊட்ட, பிரசவம் ஆன பெண்ணுக்கு, ஜிம்முக்குப் போகிற பையனுக்கு, எல்லாருக்கும் நாட்டு முட்டைதான் வேண்டும். கேட்கிறவர்கள் இருக்கும்போது தேடினால் கிடைக்காதா என்று அன்னூர், அவினாசி, காங்கேயம் என்று பஸ்ஸிலும், பிறகு ஸ்கூட்டியிலும் போக ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தவர்கள் எல்லாம் தாராளப் பிரபுக்கள். ஒருவர் போனிலேயே வாக்குக் கொடுத்தார்.

“எத்தனை வேணும்னாலும் தர்றனுங்க. தினம் 50 அட்டை, வருசம் முச்சூடும். வண்டி உங்க வாசலுக்கே வந்துரும்.”

“கோழி எங்க மேயுதுங்ண்ணா?”

“மேயறதெல்லாம் எதுக்குங்க அம்மிணி? முட்டை பழுப்பாத்தான இருக்குது!”

நேரில் போய்ப் பார்த்தேன். நீளமான ஷெட், வரிசையாகக் கூண்டு, உள்ளே சிவப்புக் கோழிகள். பி.வி.380 என்று சொல்கிற கலப்பினம். பழுப்பு ஓட்டோடு ஆண்டுக்கு 300 முட்டை வரை போடும். நாமக்கல் வெள்ளைக் கோழிக்கு எப்படி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அரைத்துப் போடுகிறார்களோ அதே தீனி, அதே கூண்டு, அதே லைட்டு. ஓட்டின் நிறம் மட்டும் வேறு. அந்த நிறமும் கோழியின் ஜாதியைப் பொறுத்தது. உள்ளே இருக்கிற சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த முட்டையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதைப் ‘பழுப்பு முட்டை’ என்று சொல்லி விற்றால் நானே வாங்கிக்கொள்வேன். நாட்டு முட்டை என்று எழுதி ஒட்டுகிற இடத்தில்தான் பித்தலாட்டம் ஆரம்பிக்கிறது.

இன்னும் ஒரு படி இறங்கியவர்களும் உண்டு. வெள்ளை முட்டையிலேயே சின்னதாகப் பார்த்துப் பொறுக்கி, டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் முக்கி எடுப்பது. இளங்கோழி முட்டைக்கு வந்த புதிதில் போடுவது சின்னதாகத்தான் இருக்கும், அது இவர்களுக்கு வசதி. அப்படி ஒரு அட்டை என் கடைக்கும் சாம்பிளாக வந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் துணி காவி ஏறியது. கொண்டுவந்த ஆள், “கோழி சாணியில படுத்திருக்குமுங்க” என்றார். முப்பது கோழியும் ஒரே சாணியில், ஒரே மாதிரி படுத்திருக்கின்றன!

இதைக் கண்டுபிடிக்க வினிகரில் தேய்த்துப் பார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள். அசல் பழுப்பு முட்டையின் நிறமும் ஓட்டின் மேல்பரப்பில்தான் இருக்கிறது. வினிகர் பட்டால் அதுவும் கரைந்துவரும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா, முழுகுகிறதா என்று பார்ப்பது முட்டையின் வயதைச் சொல்லுமே தவிர ஜாதியைச் சொல்லாது. மஞ்சள் கருவின் நிறமும் அப்படித்தான். தீனியில் மஞ்சள் மக்காச்சோளமோ செண்டுமல்லிச் சாறோ கலந்தால் கூண்டுக் கோழியின் கருவும் ஆரஞ்சாகத்தான் இருக்கும். நான் பார்ப்பது அட்டையை. வெவ்வேறு கோழிகள் போட்ட நாட்டு முட்டையில் ஒன்று வெளுப்பாக இருக்கும், ஒன்று பழுப்பு, ஒன்று கொஞ்சம் ரோஸ். ஒன்று நீளம், ஒன்று உருண்டை. எடை 35, 40 கிராம்தான் வரும். முப்பதும் அச்சில் வார்த்தாற்போல இருந்தால் நான் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அப்புறம் ஒரு நாள் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்து நாட்டுக்கோழியில் பெருவிடை, சிறுவிடை என்று இரண்டு உண்டு. பெருவிடை சண்டைக்கும் கறிக்கும். முட்டைக்கும் அடைக்கும் சிறுவிடைதான். அது ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை போடும். உடனே அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாளில் குஞ்சு பொரித்து, இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். அதன்பிறகுதான் அடுத்த ஈடு. வருஷத்துக்கு மூன்று, நான்கு ஈடு. மொத்தம் 50, 60 முட்டை. எனக்கு வாரம் 300 முட்டை வேண்டும் என்றால் வருஷத்துக்கு 15,600. கோழிக்கு 60 என்று வைத்தாலும் 260 கோழி முட்டைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் பத்துக் கோழி என்றால் இருபத்தாறு வீடு. தினம் 50 அட்டை, அதாவது 1,500 நாட்டு முட்டை, வருஷம் முழுக்கத் தருகிறேன் என்கிறவரிடம் ஒன்பதாயிரம் சிறுவிடைக் கோழி மேய வேண்டும். அத்தனை கோழி மேய்கிற காட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்தக் கணக்குக்குப் பிறகு என் தேடல் சுலபமாகிவிட்டது. போய் நின்றதும் கேட்கிற முதல் கேள்வி, “இப்ப முட்டை இருக்குதுங்களா?” ‘எவ்வளவு வேணும்’ என்று திருப்பிக் கேட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

குன்னத்தூர் நாட்டுக்கோழிச் சந்தைக்கு அடிக்கடி போனது அதனால்தான். அங்கே வாங்குவதைவிடப் பேசுவது பிரயோஜனம். கோழியைக் காலைக் கட்டி மடியில் வைத்திருக்கிற பெண்களிடம் “எந்த ஊருங்க, முட்டைக்கோழி எத்தனை வச்சிருக்கீங்க” என்று பேச்சுக் கொடுத்தால் ஒரு ஊரின் நிலவரமே வந்துவிடும். அப்படிக் கிடைத்த முகவரி ஒன்றைத் தேடித்தான் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக்குப் போனேன். வாசலில் எழுபது வயது இருக்கும் ஒரு ஆத்தா சோளத்தைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

“முட்டையா? இப்ப இல்லை கண்ணு. மூணு கோழி அடைல உக்காந்திருக்குது. ரெண்டு குஞ்சோட சுத்துது. ஒண்ணு இறகு உதுத்திருக்குது. ஏழு முட்டைதான் இருக்குது, அதுல ரெண்டு எம் பேத்திக்கு.”

“மீதி அஞ்சைக் குடுங்க ஆத்தா.”

“அஞ்சு முட்டைக்கா கோயமுத்தூர்ல இருந்து வந்தே?” என்று சிரித்தார். கொடுக்கவும் செய்தார். கம்பு கொட்டி வைத்திருந்த மண்பானைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பெரும்பாலானவற்றில் அடுப்புக்கரியால் சின்னக் கோடு. ஒரு கோடு போட்டது முந்தாநாள், இரண்டு கோடு நேற்று, கோடு இல்லாதது இன்று காலை போட்டது. எந்த முட்டை என்றைக்குப் போட்டது என்பதைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. பிறகு என்னிடம் முட்டை கொடுக்கிற எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு பென்சில் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தத் தோட்டத்தில் இன்னொன்றும் பார்த்தேன். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, கொஞ்சம் ஓலை அடைத்து, தண்ணீர் தெளித்து, வேலியோரம் தரையில் கவிழ்த்து வைத்திருந்தார். மறுநாள் காலைக்குள் கறையான் கூடிவிடும். பானையை நிமிர்த்தி ஒரு தட்டுத் தட்டினால் போதும், கொடாப்பைத் திறந்ததும் குஞ்சுகள் அங்கேதான் ஓடும். காசில்லாத புரதத் தீனி. பண்ணை நடத்துகிற படித்த பையன்கள் இதைக் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்து எனக்கு விளக்குவார்கள். நானும் தெரியாத மாதிரி கேட்டுக்கொள்வேன்.

பண்ணை என்றதும் ஈமு ஞாபகம் வருகிறது. அதே 2012-இல்தான் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் மொத்தமாகக் கவிழ்ந்து, பணம் போட்டவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். பறவை போய்விட்டது, ஆள் உயரக் கம்பிவேலி போட்ட காடுகள் மட்டும் அப்படியே நின்றன. கீரி, நாய் நுழைய முடியாத வேலி. அப்படிப்பட்ட இரண்டு இடங்களில் பிறகு நாட்டுக்கோழி மேய்ந்தது. எனக்குக் கிடைத்ததில் நல்ல பண்ணைகள் அவை. ஒருமுறை ‘மாதாமாதம் நிச்சய வருமானம்’ என்ற பேச்சில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் என்பதாலோ என்னவோ, அவர்கள் எனக்கு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை.

நல்ல முட்டையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதைக் கெடாமல் விற்பது அடுத்த பாதி. கூண்டுக் கோழியோடு சேவல் இருக்காது, அதனால் அந்த முட்டையில் கரு கூடாது. தோட்டத்துக் கோழிக்குச் சேவல் உண்டு. முட்டை எல்லாம் உயிர் முட்டை. சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள்ளேயே இருக்கிற சூடு போதும், கோழி உட்காராமலே கரு வளர ஆரம்பித்துவிடும். ஒரு கோடைக்காலத்தில், ஆம்லெட்டுக்கு உடைத்த முட்டையில் ரத்தம் இருக்கிறது என்று ஒரு அம்மா கிண்ணத்தோடு கடைக்கே வந்துவிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் கூமுட்டை என்றார்கள். கூமுட்டை என்றால் நாறும், இது நாறவில்லை. அவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து பட்டறையின் உள்ளறையை இருட்டாக்கி ஒவ்வொரு முட்டையையும் செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆகாது. அகலமான முனையில் காற்று அறை தெரியும். புது முட்டையில் அது விரல் நகத்தைவிடச் சின்னது. நாளாக ஆக அகலும். உள்ளே ஒரே சீராக வெளிச்சம் இருந்தால் நல்ல முட்டை. நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து கிளை பிரிந்து ஓடுகிற மெல்லிய சிவப்பு நரம்பும் தெரிந்தால் கரு பிடித்துவிட்டது. ஓட்டில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் வெளிச்சத்தில் கோடாகத் தெரிந்துவிடும். கோடையில் மூன்று நாளுக்கு மேற்பட்ட முட்டையை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பென்சில் கோடு அப்போதுதான் அருமை தெரிந்தது. முட்டையைக் கழுவிக் கொடுங்கள் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு மட்டும் இன்றுவரை இணங்கியதில்லை. ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும்; நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே போகும். சமைக்கும்போது கழுவிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு வருஷம் மாசி, பங்குனியில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்கிற நோய். கழுத்தைத் திருகிக்கொண்டு கோழி விழும். விழ ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் கூடு காலி. என் பட்டியலில் இருந்த வீடுகளில் பாதி அந்தப் பங்குனியில் காலியானது. நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. அதுவும் அரசு கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமைகளில் இலவசம். கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போக யாருக்கு முடியும்? ஊர் ஊராகப் பெண்களைக் கூட்டி, ஒரே சனிக்கிழமை ஒரே இடத்தில் ஊசி போடுகிற மாதிரி பேசி ஏற்பாடு செய்தோம். ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்து வரவேண்டும். கரைத்த மருந்தைச் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும். குஞ்சுக்கு ஏழு நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வாரம் ஆனதும் இறக்கையடியில் ஊசி. இதெல்லாம் முட்டை வியாபாரியின் வேலையா என்று என் நாத்தனார் கேட்டாள். கோழி செத்தால் வியாபாரி எதை விற்பாள்?

புரட்டாசி பிறந்தால் கோயம்புத்தூரில் முட்டைக் கடைக்காரர்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை, தை மாதம் பழனி பாதயாத்திரை என்று விரதங்கள் வரிசையாக வரும். கோழிக்குப் புரட்டாசி தெரியாது. அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கும், நாமக்கல்லில் விலை இறங்கும். கிறிஸ்துமஸ் கேக்குக்கு அடுப்பு மூட்டும்போது மறுபடி ஏறும். 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா வருகிறது என்று ஒரு புரளி கிளம்பி, நாமக்கல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. சில வாரம் கழித்து அதே ஜனங்கள் கொரோனாவுக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும் என்று அட்டை அட்டையாக வாங்கினார்கள். தோட்டத்து வீடுகளுக்கு மட்டும் நான் விலையை ஏற்றி இறக்குவதில்லை. வருஷத்துக்கு ஒரு விலை. ஐந்து முட்டை கொடுக்கிறவருக்கும் அம்பது முட்டை கொடுக்கிறவருக்கும் அதே விலை, கையில் காசு. அதனால்தான் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கிற ஆள் வந்தாலும் அவர்கள் எனக்கு எடுத்து வைக்கிறார்கள்.

கருங்கோழி முட்டை வேண்டும், அது ஆஸ்துமாவுக்கு நல்லது என்று வருகிறவர்கள் உண்டு. மத்தியப்பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் கோழி அது. கோழிதான் கருப்பு, முட்டை இளம்பழுப்பு. எடுத்துக் காட்டினால் ஏமாற்றுகிறேன் என்று முறைக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வியாபாரம் போகட்டும்.

இன்று என் கடையில் மூன்று கூடை இருக்கிறது. வெள்ளை முட்டை, பழுப்பு முட்டை, தோட்டத்து நாட்டு முட்டை. மூன்றுக்கும் அதனதன் பெயரில், அதனதன் விலையில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். நாட்டு முட்டைக் கூடை வாரத்தில் பாதி நாள் காலியாகத்தான் கிடக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களிடம் வெள்ளை முட்டையை எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம். இத்தனை மலிவாக இத்தனை நல்ல சாப்பாடு வேறு எது? 1989-இல் பதினைந்து நாளுக்கு ஒன்று என்று தொடங்கி, 2010-இலிருந்து வாரத்துக்கு ஐந்து என்று நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்துணவில் சாப்பிடுவது இந்த வெள்ளை முட்டையைத்தான். அதை மட்டமாகப் பேச எனக்கு வாய் வராது.

நாட்டு முட்டைதான் வேண்டும் என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைக்காரரிடம் முட்டை எந்த ஊரிலிருந்து வருகிறது, எத்தனை வீடு, எந்த மாதம் கிடைக்காது என்று கேளுங்கள். ‘எங்களிடம் எப்போதும் கிடைக்கும்’ என்று பதில் வந்தால், பேசாமல் வெள்ளை முட்டையையே வாங்கிக்கொண்டு போங்கள். காசாவது மிஞ்சும்.